நோயில்லாத நாளில் ஒரு நோட்டம்: டர்பனுக்குப் புதியவர்கள் டாக்டர் சர்ஜரியை எடைபோடுவது எப்படி?

காய்ச்சலோடு போகிறவர் எந்த டாக்டரையும் எடைபோட மாட்டார். எப்போது கூப்பிடுவார்கள், எப்போது வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்பது மட்டுமே அப்போது நினைப்பாக இருக்கும். ஆகையால் கீழே சொல்லும் வேலைகளை உடம்பு நன்றாக இருக்கும் ஒரு வாரத்தில் செய்துவிடுங்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கு வந்த இளைஞர்கள், கோயில் பணிக்கு வந்த குருக்கள், பிள்ளைகளோடு தங்க வந்த பெற்றோர் ஆகிய எல்லோரையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், டொங்காட் வட்டாரத்தில் நான் பார்த்தவையே இதில் அதிகம். ஜோஹானஸ்பர்க்கின் லெனேசியாவில் இருப்பவர்களுக்கும் சட்டம் இதேதான்.

இன்னொன்று. வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் ‘சர்ஜரி’ என்று போர்டு தொங்கினால் பயப்பட வேண்டாம். அது குடும்ப டாக்டர் உட்காரும் இடம்.

1. எந்த வாசல்?

அரசு கிளினிக்குகளை நடத்துவது பெரும்பாலும் நர்ஸ்கள். எல்லோரும் அவர்களை ‘சிஸ்டர்’ என்றே கூப்பிடுவார்கள். டாக்டர் குறிப்பிட்ட நாட்களில் வந்து போவார். 2003-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டப்படி, மெடிக்கல் எய்டு (மாதச் சந்தா கட்டிச் சேரும் மருத்துவச் செலவுத் திட்டம்) இல்லாதவர்களுக்கு அங்கே ஆரம்பநிலை சிகிச்சை இலவசம். அங்கிருந்து கடிதம் வாங்காமல் நேராக ஆர்.கே. கான் மருத்துவமனையிலோ ஃபீனிக்ஸின் மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனையிலோ போய் நின்றால், அவசரம் இல்லாத பட்சத்தில், அரை நாள் போய்விடும்.

தனியார் சர்ஜரிக்குப் போவதென்றால் உங்கள் மெடிக்கல் எய்டு திட்டத்தின் டாக்டர் பட்டியலை முதலில் பாருங்கள். பட்டியலில் இல்லாதவரிடம் போனால் மிச்சப் பணம் உங்கள் பையிலிருந்துதான் போகும். மாணவர் விசாவில் வந்தவர்களுக்கு இந்நாட்டில் பதிவுபெற்ற மெடிக்கல் எய்டு கட்டாயம். ‘மருத்துவ இன்சூரன்ஸ்’ என்று விற்கப்படுவது வேறு சரக்கு. 1998-ஆம் ஆண்டுச் சட்டம் மெடிக்கல் எய்டு மீது சுமத்தும் குறைந்தபட்சப் பொறுப்புகள் அதற்குக் கிடையாது. விலை குறைவாக இருப்பதன் காரணம் அதுவே.

அரசு கிளினிக் வாசலில் சில குழுக்கள் நின்றுகொண்டு வெளிநாட்டவரைத் தடுத்த செய்திகளை 2025-இல் படித்திருப்பீர்கள். கடவுச்சீட்டைக் காட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் குடியேற்ற அதிகாரிக்கும் போலீசுக்கும்தான் உண்டு என்று ஜோஹானஸ்பர்க் உயர் நீதிமன்றம் அந்த நவம்பரில் தெளிவாகவே சொல்லிவிட்டது. வாசலில் வாக்குவாதம் செய்வதால் பயனில்லை. கூட்டம் நின்றால் திரும்பி வந்து, கிளினிக்குக்குத் தொலைபேசியில் பேசுங்கள். உயிருக்கு ஆபத்தான நிலையில் யாருக்கும் எங்கும் சிகிச்சை மறுக்கக்கூடாது என்பது அரசியல் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. ஆம்புலன்சுக்கு 10177, கைப்பேசியிலிருந்து 112.

2. வீட்டிலிருந்தபடியே செய்யும் விசாரணை

டாக்டர்களைப் பதிவு செய்யும் அமைப்பு எச்.பி.சி.எஸ்.ஏ. அதன் இணையப் பதிவேட்டில் பெயரைத் தட்டினால் பதிவு எண், பதிவு இப்போது நடப்பில் இருக்கிறதா, தனியாகத் தொழில் செய்ய அனுமதி உண்டா என்பவை தெரியும். டாக்டர்களின் எண் ‘எம்.பி.’ என்ற எழுத்துகளில் தொடங்கும். யாரோ சொன்னார்கள் என்று ஒரு புதிய இடத்துக்குப் போகிறவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும். போலி டாக்டர்கள் பிடிபட்ட செய்தி இந்த ஊர்ப் பத்திரிகைகளுக்குப் புதிதல்ல.

அரசு கிளினிக் என்றால் இன்னொரு வழி உண்டு. சுகாதார நிலையங்களின் தரத்தைச் சோதிப்பதற்கென்றே 2013-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் ஓ.எச்.எஸ்.சி. என்ற தனி அலுவலகம் அமைந்தது. அதன் ஆய்வாளர்கள் கையில் பட்டியலோடு வந்து மருந்து அறை, கழிப்பறை, அவசரத் தள்ளுவண்டி, குப்பை அறை என்று எல்லாவற்றையும் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். தேறிய நிலையம் பெறும் சான்றிதழை நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆய்வு அறிக்கைகள் அதன் இணையதளத்தில் இருக்கின்றன. உங்கள் கிளினிக்கின் பெயரைத் தேடிப் பாருங்கள். இதுவரை அந்த ஆய்வுகளில் மிகப் பெரும்பாலானவை அரசு நிலையங்களில் நடந்தவை. மூலைக்கடை போல் ஒரே டாக்டர் நடத்தும் சர்ஜரியைப் பற்றிய அறிக்கை கிடைக்கும் என்று நம்பியிருக்காதீர்கள். அங்கே ஆய்வாளர் நீங்களேதான்.

பிறகு ஒரு தொலைபேசி அழைப்பு. மருந்து சேர்த்து எவ்வளவு, மருந்தில்லாமல் எவ்வளவு, சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு யாரைக் கூப்பிடுவது, இந்த மூன்றையும் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை உன்னிப்பாகக் கேளுங்கள். ‘இன்ன மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்’ என்று சொன்னால்கூட அது ஒரு பதில். ‘திங்கட்கிழமை வாருங்கள்’ என்பது பதில் அல்ல.

3. காத்திருக்கும் அறை

பழுப்பு லெதர் சோபா, மீன் தொட்டி, சுவரில் பெரிய டி.வி. இவற்றுக்கு மதிப்பெண் கிடையாது. ஜன்னல்களைப் பாருங்கள். காசநோய் அதிகமுள்ள நாடுகளில் தென்னாப்பிரிக்காவும் ஒன்று. இருமுகிறவரை மற்றவர்களோடு மூடிய அறையில் ஒரு மணி நேரம் உட்கார வைக்கும் இடத்தில் வேறு எதைப் பார்த்தும் மயங்க வேண்டாம். நல்ல இடத்தில் இருமலோடு வருகிறவருக்கு முகக்கவசம் கொடுத்து, தனியே உட்கார வைத்து, முன்னதாகவே கூப்பிட்டுவிடுவார்கள். கழிப்பறையில் தண்ணீரும் சோப்பும் இருக்கின்றனவா என்று போய்ப் பாருங்கள். ஊசிகளைப் போடும் மஞ்சள் பெட்டி முக்கால் பங்குக்கு மேல் நிரம்பி வழிந்துகொண்டிருந்தால், அதை மாற்றுவதற்கு அங்கே ஆள் இல்லை என்று பொருள்.

அரசு கிளினிக்குகளுக்கு 2013-இல் தொடங்கிய ‘ஐடியல் கிளினிக்’ திட்டம் இருக்கிறது. வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று தரம் பிரிப்பார்கள். வாசல் பலகையில் நேரம், சேவைகள், தொலைபேசி எண் இருக்க வேண்டும் என்பதிலிருந்து, ஊழியர் பெயர் அட்டை அணிய வேண்டும் என்பது வரை அதன் பட்டியலில் உண்டு. ஆயுதம், புகை, பிராணிகள், கூவி விற்போர் கூடாது என்ற அறிவிப்பும் அந்தப் பட்டியலில் அடக்கம். முதல்முறை பார்க்கும்போது துப்பாக்கிப் படம் சற்றுத் திடுக்கிட வைக்கும், பழகிவிடும். நோயாளி உள்ளே வந்து வெளியே போக சராசரியாக மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகக்கூடாது என்பது அதன் இலக்கு. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் வருகிறவர்கள், திடீர் நோயாளிகள், தாய்சேய் என்று வரிசைகளைப் பிரித்திருக்கிறார்களா என்று பாருங்கள். பிரித்திருந்தால் மூன்று மணி நேரம் நடக்கக்கூடியது. ஒரே வரிசை என்றால் விடியற்காலையில் மடக்கு நாற்காலியோடு வந்து காத்திருக்கும் பாட்டிகளோடு நீங்களும் சேர்ந்துகொள்ள வேண்டியதுதான்.

வரவேற்பு மேசையில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ‘எதற்காக வந்திருக்கிறீர்கள்?’ என்று அறை முழுக்கக் கேட்கும்படி கேட்கிறார்களா? நோயாளியின் விவரம் ரகசியம் என்று தேசிய சுகாதாரச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது. இன்று அடுத்தவரின் ரத்தப் பரிசோதனை முடிவு உங்கள் காதில் விழுந்தால், நாளை உங்களுடையது அவர் காதில் விழும். நம் ஆட்கள் எல்லோரும் ஒரே கோயிலுக்குப் போகிற ஊர் இது.

4. ரத்த அழுத்தம் பார்க்கும் சில நிமிடங்கள்

ஒரு சர்ஜரியைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பார்க்க முடியும் என்றால் நான் இதையே பார்ப்பேன். மிகச் சாதாரண வேலை, நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப நடப்பது. யாரும் கவனிக்காததால் சோம்பல் முதலில் தலைகாட்டுவதும் இங்கேதான்.

என் மாமியாரை அழைத்துப் போன ஓர் இடத்தில், படியேறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவரை நடைவழியில் நிற்க வைத்து, கம்பளிச் சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றினார் ஓர் உதவியாளர். சுற்றும்போதே ஊரைப் பற்றி விசாரிப்பு வேறு. மேல் எண் 168. டாக்டர் அந்த எண்ணைப் பார்த்தார், அவரைப் பார்க்கவில்லை. மாத்திரையின் அளவைக் கூட்டினார். வேறொரு சர்ஜரியில் வயதான நர்ஸ் ஒருவர் நாற்காலியில் முதுகு சாய உட்கார வைத்தார். “கால் மேல் கால் வேண்டாம், ஆன்ட்டி. ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள்” என்றார். கையை மேசைமேல், இதயத்தின் உயரத்துக்கு வைத்தார். பட்டை சிறிதாக இருப்பதைப் பார்த்து, அலமாரியிலிருந்து பெரியதை எடுத்து வந்தார். ஒருமுறை பார்த்து, சற்று இடைவெளி விட்டு இன்னொரு முறை பார்த்து, இரண்டையும் எழுதினார். 142.

பருத்த கையில் சிறிய பட்டை சுற்றினால் எண் கூடுதலாகக் காட்டும். பேச்சும், தொங்கும் கையும், முட்டும் சிறுநீரும் அதையே செய்யும். அந்தக் கூடுதல் எண்ணுக்கு எழுதப்படும் மாத்திரையை விழுங்கிவிட்டு, இரவில் எழுந்து நடக்கும்போது தலைசுற்றி விழுவது நம் வீட்டுப் பெரியவர்கள்.

5. பேச வேண்டியதை எழுதிக்கொண்டு போங்கள்

ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரைப் பட்டைகளை மேசைமேல் கொட்டினால் டாக்டருக்குப் பாதி புரியாது. பிராண்டுப் பெயர்கள் இங்கே வேறு. மருந்தின் அடிப்படைப் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். ஊரில் டோலோ, குரோசின் என்று வாங்குவது பாரசிட்டமால். இங்கே அது பனாடோ. கிளைகோமெட் என்பது மெட்ஃபார்மின், இங்கே குளுக்கோஃபேஜ். டெல்மா என்பது டெல்மிசார்ட்டான். அளவையும், எந்த வேளை என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள்.

எண்களும் மாறும். ஊரில் சர்க்கரையை 126, 180 என்று சொல்லிப் பழகியிருப்போம். இங்கே வேறு அளவை. ஊர் எண்ணை 18-ஆல் வகுத்தால் இங்கத்திய எண் வரும். 126 என்பது 7, 180 என்பது 10. ‘சர்க்கரை எட்டுதான்’ என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட பெரியவர்கள் உண்டு. வெறும் வயிற்றில் 8 என்றால் ஊர்க் கணக்கில் 144. மூன்று மாதச் சராசரியான எச்.பி.ஏ.1.சி. மட்டும் இரண்டு ஊரிலும் சதவீதத்தில்தான்.

நோய், சிகிச்சையின் வழிகள், அவற்றின் ஆபத்து, செலவு ஆகியவற்றை டாக்டர் விளக்க வேண்டும் என்பதும், முடிந்தவரை நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்பதும் தேசிய சுகாதாரச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு. தமிழ்ப் பெயருள்ள டாக்டருக்குத் தமிழ் தெரியும் என்று எண்ணிப் போகாதீர்கள். 1860-இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கியவர்களின் வழியில் ஐந்தாம் ஆறாம் தலைமுறை இது, வீட்டிலும் ஆங்கிலம்தான். ஆங்கிலம் அறியாத அம்மாவோடு நீங்கள் கூடப் போங்கள். பத்து வயது மகளை மொழிபெயர்க்க விடாதீர்கள். மாதவிலக்கும் மலச்சிக்கலும் குழந்தை வாய்வழியாக வந்தால் பாதி வராது. டாக்டர் உங்களிடம் மட்டும் பேசாமல் அம்மாவின் முகத்தையும் பார்த்துப் பேசுகிறாரா என்பதைக் கவனியுங்கள்.

6. சர்க்கரை நோயாளியின் காலைப் பார்த்தார்களா?

டர்பன் இந்தியர்களிடையே சர்க்கரை நோய் மிகுதி என்பது இங்குள்ள டாக்டர்கள் அனைவரும் அறிந்தது. ஆகவே சர்ஜரியின் தரத்தை அறிய இது நல்ல உரைகல். ஆண்டுக்கு ஒருமுறையாவது செருப்பையும் காலுறையையும் கழற்றச் சொல்லி, நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை கண் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கொழுப்பு, சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எச்.பி.ஏ.1.சி. ஆண்டுக்கு இரண்டு முதல் நான்கு முறை. பல ஆண்டுகளாக ஒரே இடத்துக்குப் போகிறவரிடம் ‘டாக்டர் கடைசியாக உங்கள் காலை எப்போது பார்த்தார்?’ என்று கேளுங்கள். அந்த ஒரு பதிலில் அந்த இடத்தைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும்.

மெடிக்கல் எய்டு உள்ளவர்களுக்கு இதில் பணமும் இருக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, வலிப்பு, தைராய்டு குறைவு முதலியவை சட்டப்படி மெடிக்கல் எய்டு ஏற்க வேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் உள்ளவை. ஆனால் டாக்டர் படிவம் நிரப்பிப் பதிவு செய்தால்தான் அந்தச் சலுகை தொடங்கும். செய்யாவிட்டால் மாதாமாதம் உங்கள் மெடிக்கல் எய்டு சேமிப்புக் கணக்கிலிருந்து மருந்துச் செலவு கரையும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஏற்கெனவே உள்ள நோய்க்கு 12 மாதம் வரை காத்திருப்புக் காலம் விதிக்கப்படலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

7. டாக்டர் கையால் வரும் மருந்து

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துச் சர்ஜரிகள் பலவற்றில் டாக்டரே மருந்தும் தருவார். அதற்குத் தனி உரிமம் வேண்டும். ‘மருந்து கொடுக்கும் உரிமம் இருக்கிறதா?’ என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. சிறு பிளாஸ்டிக் உறையில் வெள்ளை மாத்திரையும் மஞ்சள் மாத்திரையும் வந்தால், உறையின் மேல் உங்கள் பெயர், மருந்தின் பெயர், எப்படிச் சாப்பிடுவது, தேதி எல்லாம் இருக்க வேண்டும். ‘காலை 1, இரவு 1’ என்று மட்டும் கிறுக்கியிருந்தால் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். அலர்ஜி வந்து இரவில் மருத்துவமனைக்கு ஓடும்போது ‘மஞ்சள் மாத்திரை’ என்று சொல்லி யாருக்கும் புரிய வைக்க முடியாது.

சாதாரணச் சளிக்கு ஊசி, ஆன்டிபயாட்டிக், வைட்டமின் மூன்றும் சேர்த்துத் தரும் இடத்தில் கூட்டம் அலைமோதும். நம் மக்களுக்கு ஊசி போட்டால்தான் திருப்தி. ‘இது தானாகப் போகும், நான்கு நாளில் குறையாவிட்டால் வாருங்கள்’ என்று சொல்லி அனுப்பும் டாக்டர் வருமானத்தை விட்டுக்கொடுத்து உங்களுக்கு நல்லது செய்கிறார். தொடாமல் பார்க்காமல் விடுப்புச் சான்றிதழ் எழுதித் தருகிறவர் இன்னொரு ரகம். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் விடுப்பு எடுத்தால் முதலாளி சான்றிதழ் கேட்கலாம் என்பதால் இந்த வியாபாரம் நடக்கிறது. அப்படிப்பட்டவர் கையெழுத்தை நம்பி உங்கள் நெஞ்சுவலியைக் கொண்டு போகாதீர்கள்.

தடுப்பூசி போடும் இடமானால் குளிர்பெட்டியின் வெப்பநிலை 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா, தினமும் குறித்து வைக்கிறார்களா என்று கேளுங்கள். மின்வெட்டு முன்போல் இல்லை என்றாலும் மாற்று மின்சாரம் அவசியம். 2021 ஜூலைக் கலவரத்தில் இந்த மாகாணத்தில் மருந்துக் கடைகளும் கொள்ளை போய், மூடிக் கிடந்தன. அன்றாட மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு வாரத்துக்காவது கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

8. பரிசோதனை முடிவு வந்த பிறகு

ரத்தம் எடுத்துக்கொண்டு போனவர்கள் மறுபடி பேசவே இல்லை என்றால் ‘எல்லாம் சரியாக இருக்கும்போல’ என்று நாம் விட்டுவிடுகிறோம். சில சமயம் தாள் யார் மேசையிலோ தூங்குகிறது. ‘முடிவு எப்போது வரும், யார் சொல்வீர்கள், சரியாக இருந்தாலும் சொல்வீர்களா?’ என்று ரத்தம் கொடுக்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன அந்த நர்ஸ் இருக்கும் சர்ஜரியிலிருந்து, மாமியார் ரத்தம் கொடுத்த மறுநாள் மாலையே அழைப்பு வந்தது: பொட்டாசியம் கொஞ்சம் கூடியிருக்கிறது, ஒரு மாத்திரையை இன்றிரவு நிறுத்துங்கள், வியாழக்கிழமை மறுபடி ரத்தம் கொடுங்கள். வியாழக்கிழமை நாங்கள் சற்றுத் தாமதித்தோம். பத்து மணிக்கு இன்னொரு அழைப்பு. இரண்டாவது அழைப்புக்காகத்தான் நான் அந்த இடத்தை எல்லோருக்கும் சொல்கிறேன்.

9. குறை இருந்தால்

முதலில் அங்கேயே எழுத்தில் கொடுங்கள். தேதி போட்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அரசு நிலையம் என்றால் 25 வேலை நாட்களுக்குள் தீர்க்க வேண்டும் என்பது தேசிய வழிகாட்டுதல். தீராவிட்டால் நிலையத்தைப் பற்றிய புகார் ஓ.எச்.எஸ்.சி.க்கு, கடுமையானது அங்கிருந்து சுகாதார ஓம்புட்ஸ்மனிடம் (புகார்களை விசாரிக்கும் உயர் அதிகாரி) போகும். அந்தப் பதவி வெறும் அலங்காரம் அல்ல. லைஃப் எசிடிமெனி என்ற மனநலக் காப்பகத்திலிருந்து மாற்றப்பட்ட மனநோயாளிகள் இறந்ததைப் பற்றி 2017 பிப்ரவரியில் அன்றைய ஓம்புட்ஸ்மன் பேராசிரியர் மக்கோபா வெளியிட்ட அறிக்கை ஒரு மாகாண சுகாதார அமைச்சரின் பதவியையே காவு வாங்கியது. டாக்டரின் நடத்தை பற்றிய புகார் எச்.பி.சி.எஸ்.ஏ.க்கு. மெடிக்கல் எய்டு பணம் தர மறுத்தால் மெடிக்கல் ஸ்கீம்ஸ் கவுன்சிலுக்கு. புகார்த் தாள் இடம் மாறிப் போனால் மாதக்கணக்கில் காத்திருந்து திரும்பி வரும்.

சர்ஜரியை மாற்ற யாருடைய அனுமதியும் வேண்டாம். கிளம்புமுன் உங்கள் ஃபைலின் நகலை எழுத்தில் கேளுங்கள். பதிவுகளை நோயாளி கடைசியாக வந்த நாளிலிருந்து குறைந்தது ஆறு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது எச்.பி.சி.எஸ்.ஏ.யின் வழிகாட்டுதல். குழந்தையின் தடுப்பூசி, வளர்ச்சி விவரங்களைக் குறிக்கும் ‘ரோட் டு ஹெல்த்’ புத்தகத்தை மட்டும் எந்த மேசையிலும் விட்டுவிட்டு வராதீர்கள். பள்ளியில் சேர்க்கும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.